குத்தின் வேகமும் கனமும்

சிறுவயதில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குள் ஒரு வழக்கு ஓயாமல் நடந்து வந்தது. கனத்த கைக்காரன் அடி வலியதா, விரைந்த கைக்காரன் அடி வலியதா? மெலிந்த உடம்பினனாகிய நான் என்றும் விரைவின் கட்சி. ஐரோப்பியப் பேரறிஞர்களும் இதே வழக்கை அரை நூற்றாண்டுக்கு மேல் நடத்தினார்கள் என்று பின்னாளில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சற்றே பெருமையும் உண்டாயிற்று.

இயங்கும் பொருளின் ஆற்றலை அறிய அதன் பருமனையும் வேகத்தையும் பெருக்கினால் போதும் என்றார் பிரெஞ்சு அறிஞர் டேக்கார்ட். 1686-இல் ஜெர்மானியரான லைப்னிட்ஸ் இதை மறுத்தார். வேகத்தை வேகத்தாலேயே மீண்டும் பெருக்க வேண்டும் என்பது அவர் வாதம். வழக்கில் சாட்சி சொல்ல வந்தது களிமண்! 1722-இல் ஹாலந்து நாட்டு லைடன் நகரப் பேராசிரியர் கிராவசாண்டே பித்தளைக் குண்டுகளை மென்களிமண்ணில் விழச் செய்தார். வேகம் இரட்டித்தபோது பதிந்த குழி நான்கு மடங்காயிற்று. என் கட்சி வென்றுவிட்டது என்றே எண்ணினேன்.

அந்த எண்ணத்தைக் கலைத்தது கராத்தே. ஒகினாவாத் தீவில் வளர்ந்த இக்கலையை ஃபுனாகோஷி என்னும் ஆசான் 1922-இல் தோக்கியோவில் செய்து காட்டினார். அங்கிருந்து அது உலகெங்கும் பரவிற்று. 1979-இல் ஃபெல்ட், மக்நேர், வில்க் என்னும் அமெரிக்க இயற்பியலார் மூவர் அதன் அடிகளை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டனர். மக்நேர் தாமே கராத்தேயில் கறுப்புக் கச்சை பெற்றவர். விண்வெளி வீரராகி, 1986 ஜனவரி 28 அன்று சாலஞ்சர் விண்கல விபத்தில் மாண்ட எழுவருள் அவரும் ஒருவர்.

மின்னி மின்னி எரியும் விளக்கொளியில் அவர்கள் எடுத்த படங்கள் ஒரு நுட்பத்தைக் காட்டின. நேர்க்குத்தில் கை முழுதும் நீளும்போது அது மிக விரைவாக இருப்பதில்லை. ஏறத்தாழ முக்கால் பங்கு நீண்டபோதே வேகம் உச்சமடைந்து, பிறகு தேய்கிறது. பலகையைத் தொடுவதை எண்ணாதே, அதற்கு அப்பால் குத்து என்று ஆசான்கள் சொல்லி வந்ததன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஆயினும் கை மட்டும் விரைந்து பயன் என்ன? முட்டியின் எடை அற்பமே. கால் நிலத்தில் ஊன்றி, இடுப்புத் திரும்பி, படும் கணத்தில் மணிக்கட்டும் தோளும் இறுகினால்தான் உடலின் கனம் அடியோடு சேர்கிறது. முன்கூட்டியே இறுகிவிட்டாலோ வேகம் கெடுகிறது. தளர்வதும் இறுகுவதும் எந்தக் கணத்தில் என்பதைக் கற்கவே மாணவர்கள் வைக்கோல் சுற்றிய கம்பத்தை ஆண்டுக்கணக்கில் குத்துகிறார்கள்.

தெருவில் என்னோடு வாதாடிய பருத்த நண்பனுக்கு இப்போது பாதி வழக்கை விட்டுக்கொடுக்கிறேன்.