கதர் விலையும் நூற்பவர் கூலியும்

ஆடையின் விலையை வாங்குவோர் அறிவர். அதற்கு நூல் நூற்றவர் பெற்ற கூலியை அறிவோர் மிகச் சிலரே. இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணிப் பார்த்த வாணிக முயற்சி ஒன்றை இந்திய வரலாற்றில் காண்கிறோம்.

1925 செப்டம்பரில், பாட்னாவில், காந்தியடிகள் அகில இந்திய நூற்போர் சங்கத்தைத் தோற்றுவித்தார். பஞ்சு கொட்டுவோர், நூற்போர், நெய்வோர் ஆகியோரை இணைத்துக் கதர் உற்பத்தியை அது பெருக்கிற்று. ஆலைத் துணியோடு போட்டியிட வேண்டியிருந்தமையால், விலையைக் குறைப்பதே தொடக்க ஆண்டுகளில் பெருங்கவலையாயிற்று. அச்சுமை நூற்கும் ஏழைப் பெண்களின் மேல் விழுந்தது. நெசவாளர் பெற்றதில் ஒரு சிறு பங்கே அவர்களுக்குக் கிட்டிற்று.

1935இல் காந்தியடிகள் இந்நிலையை மாற்ற முனைந்தார். எட்டு மணி நேர உழைப்பிற்கு எட்டணா வேண்டும் என்றார். விலை ஏறினால் விற்பனை வீழும் எனப் பணியாளர் பலர் அஞ்சினர், அவ்வச்சம் பொருளற்றதன்று. ஆயினும், அக்டோபரில் வார்தாவில் கூடிய சங்கம், போதிய உணவும் ஆண்டுக்கு 20 கெஜத் துணியும் பெறுதற்கேற்ற கூலியையே குறைந்த அளவாகத் தீர்மானித்தது. சங்கத்தின் சான்றிதழ் பெற்ற வணிகரும் அக்கூலியை வழங்கக் கடமைப்பட்டனர்.

எட்டணா என்னும் இலக்கு கைகூடவில்லை. எனினும் கூலி உயர்ந்தது. முன்னர் விலையை வகுத்தபின் எஞ்சியதே கூலி. வார்தாவிற்குப் பின்னர்க் கூலியை வகுத்தபின் அமைவதே விலை. கதர் வரலாற்றின் பெருந்திருப்பம் இதுவேயாகும்.