'மார்ச் ஃபார் லைஃப்': கேட்டது கிடைத்த பிறகும் ஏன் நடக்கிறார்கள்?

ஒவ்வொரு ஜனவரியிலும் உங்கள் நியூஸ் ஃபீடில் ஒரு படம் வந்து போகும். வாஷிங்டனின் கடும் குளிர், குல்லாவும் கையுறையும் போட்ட பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள், கைகளில் பதாகைகள், பின்னால் அமெரிக்க நாடாளுமன்றத்தின் வெள்ளைக் குவிமாடம். அதுதான் 'மார்ச் ஃபார் லைஃப்'. கருக்கலைப்பை எதிர்த்து 1974 முதல் ஆண்டுதோறும் நடக்கும் பேரணி.

எந்தத் தீர்ப்பை எதிர்த்து இதை ஆரம்பித்தார்களோ, அது 2022-லேயே ரத்தாகிவிட்டது. அப்போ வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போயிருக்கலாமே? போகவில்லை. அடுத்த ஜனவரியிலும் வந்தார்கள், இன்றும் வருகிறார்கள். இந்தப் பேரணி எப்படி வளர்ந்தது, உண்மையில் எதைச் சாதித்தது, அமெரிக்காவில் வேலை பார்க்கும் உங்கள் நண்பருக்கும் இங்கே இருக்கும் உங்களுக்கும் இதில் என்ன இருக்கிறது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எப்படி ஆரம்பித்தது?

1973 ஜனவரி 22. 'ரோ எதிர் வேட்' வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் தீர்ப்பு சொன்னது. கருக்கலைப்பு செய்துகொள்ளும் முடிவு பெண்ணின் தனியுரிமைக்குள் வருகிறது, அதற்கு அரசியலமைப்புப் பாதுகாப்பு உண்டு என்பது அதன் சாரம். பல மாகாணங்களில் இருந்த தடைச் சட்டங்கள் ஒரே நாளில் செல்லாமல் போயின.

இதை எதிர்த்தவர்களில் ஒருவர் நெல்லி கிரே. வாஷிங்டனில் வசித்த வழக்கறிஞர், மத்திய அரசு ஊழியராக இருந்தவர். தீர்ப்பின் முதல் ஆண்டு நினைவு நாளில், 1974 ஜனவரி 22 அன்று, முதல் பேரணி நடந்தது. சுமார் 20,000 பேர் வந்ததாகக் கணக்கு.

அதை ஆண்டுதோறும் நடத்த வேண்டும் என்ற திட்டம் அப்போது இல்லை. ஒரு தடவை பெருங்கூட்டமாக வந்து நின்றால் நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்திவிடும் என்று நம்பினார்கள். அது நடக்கவில்லை. 1983-ல் அப்படி ஒரு திருத்தம் செனட்டில் வாக்கெடுப்புக்கு வந்தது. மூன்றில் இரண்டு பங்கு தேவை. கிடைத்தது 49 வாக்கு, எதிராக 50. ஒரே ஒருமுறைக்கு என்று தொடங்கியது வருடாந்திர வழக்கமானது. நெல்லி கிரே 2012-ல் இறக்கும்வரை அதை முன்னின்று நடத்தினார்.

எப்படி வளர்ந்தது?

முதல் காரணம், கத்தோலிக்கத் திருச்சபையின் கட்டமைப்பு. ஊர் ஊராகப் பங்குகளும் பள்ளிகளும் உண்டு, பேருந்து ஏற்பாடு செய்ய ஆள் உண்டு. முந்தைய இரவு வாஷிங்டனின் பெரிய பசிலிக்காவில் திருப்பலியும் விழிப்பு ஆராதனையும் நடக்கும். பல கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு இது வருடாந்திரப் பயணம் மாதிரி. கூட்டத்தில் பதின்வயதினர் அதிகம் தெரிவதற்கு இது முக்கியக் காரணம். பதினாறு வயதில் பள்ளிப் பேருந்தில் வந்தவர்கள், பின்னாளில் தங்கள் பிள்ளைகளோடு வருவதும் உண்டு.

இரண்டாவது, சுவிசேஷக் கிறிஸ்தவர்களின் வருகை. இது பலருக்கும் தெரியாத விஷயம். 1971-ல் தெற்கு பாப்டிஸ்ட் சபை, சில சூழ்நிலைகளில் கருக்கலைப்பை அனுமதிக்கலாம் என்றே தீர்மானம் போட்டது. 1970-களின் கடைசியிலும் 80-களிலும் நிலைமை தலைகீழானது. கருக்கலைப்பு எதிர்ப்பு அந்தச் சபைகளின் அடையாளமாகவும் குடியரசுக் கட்சியின் வாக்கு வங்கியாகவும் மாறியது.

மூன்றாவது, அதிபர்கள். ரீகன் 1980-களில் தொலைபேசி வழியாகக் கூட்டத்தோடு பேசினார். இரண்டு புஷ்களும் அதே வழியைப் பின்பற்றினார்கள். கூட்டம் அவர்களுக்கு வேண்டும், ஆனா அதே மேடையில் நிற்கும் படம் வேண்டாம் என்ற கணக்காக அதைப் பலரும் பார்த்தார்கள். 2017-ல் துணை அதிபர் மைக் பென்ஸ் நேரில் வந்தார். 2018-ல் டிரம்ப் காணொலியில் பேசினார். 2020-ல் நேரிலேயே வந்தார். பதவியில் இருக்கும் அதிபர் ஒருவர் இந்த மேடை ஏறியது அதுதான் முதல் முறை. 2025-ல் துணை அதிபர் ஜே.டி.வான்ஸ் நேரில் வந்தார், டிரம்ப் காணொலி அனுப்பினார்.

நான்காவது, விடாப்பிடி. 1985 ஜனவரியில் குளிர் தாங்காமல் ரீகனின் பதவியேற்பு விழாவையே கட்டடத்துக்குள் மாற்றினார்கள். மறுநாள் பேரணி வெளியேதான் நடந்தது. 2016-ல் பனிப்புயல் வரும் நாளிலும் நடந்தார்கள். கோவிட் காலத்தில் 2021-ல் மட்டும் பெரும்பாலும் இணையவழிக்கு மாறியது. சமீப ஆண்டுகளில் ஜனவரி 22-ஐ ஒட்டிய வெள்ளிக்கிழமைக்கு நாளை மாற்றிவிட்டார்கள். வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு வார இறுதி கிடைக்கும் அல்லவா?

உண்மையில் எத்தனை பேர் வருகிறார்கள்?

'லட்சக்கணக்கில்' என்று அமைப்பாளர்கள் சொல்வார்கள். எதிர்த் தரப்பு சிரிக்கும். யார் சொல்வது சரி?

இதற்கு அதிகாரபூர்வப் பதில் இல்லை. முன்பெல்லாம் வாஷிங்டனின் தேசியப் பூங்காத் துறை கூட்டத்தை மதிப்பிட்டுச் சொல்லும். 1995-ல் கறுப்பின ஆண்கள் திரண்ட 'மில்லியன் மேன் மார்ச்' பேரணிக்கு 4 லட்சம் பேர் வந்ததாக அத்துறை சொன்னது. பெயரிலேயே பத்து லட்சம் இருக்கும்போது சும்மா விடுவார்களா? வழக்குப் போடுவோம் என்றார்கள் அமைப்பாளர்கள். அதன் பிறகு கணக்குச் சொல்லும் வேலையை நிறுத்தும்படி நாடாளுமன்றமே சொல்லிவிட்டது. ஆகவே, இந்தப் பேரணி பற்றி ஒரு துல்லியமான எண்ணோடு ஃபார்வேர்டு வந்தால், அதைச் சொன்னது யார் என்று முதலில் பாருங்கள்.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். கூட்டத்தின் அளவில் எதிர்த் தரப்பும் குறைந்ததில்லை. 1992 ஏப்ரலில் கருக்கலைப்பு உரிமைக்காக வாஷிங்டனில் நடந்த பேரணிக்குச் சுமார் 5 லட்சம் பேர் வந்ததாகப் பூங்காக் காவல்துறையே மதிப்பிட்டது. 2004 ஏப்ரலிலும் மிகப்பெரிய பேரணி ஒன்று நடந்தது. ஆனா அவையெல்லாம் ஆபத்து தெரிந்தபோது திரண்ட கூட்டங்கள். 'மார்ச் ஃபார் லைஃப்' ஆபத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருடம் தவறாமல் நடந்தது. வித்தியாசம் அங்கேதான்.

தீர்ப்பை மாற்றியது கூட்டமா, நீதிபதிகளா?

இத்தனை ஆண்டு நடந்தும் பொதுமக்கள் கருத்து பெரிதாக அவர்கள் பக்கம் சாயவில்லை. கருக்கலைப்பு எல்லாச் சூழ்நிலையிலும் சட்டவிரோதமாக வேண்டும் என்பவர்கள் கேலப் கருத்துக்கணிப்புகளில் 1970-களிலும் சிறுபான்மைதான், இப்போதும் சிறுபான்மைதான்.

அப்போ எப்படி ஜெயித்தார்கள்? 1992-ஐப் பாருங்கள். 'பிளான்டு பேரன்ட்ஹுட் எதிர் கேசி' வழக்கு வந்தபோது, ஒன்பது நீதிபதிகளில் எட்டு பேர் குடியரசுக் கட்சி அதிபர்கள் நியமித்தவர்கள். ரோ விழுந்தே தீரும் என்று எல்லோரும் நினைத்தார்கள். 5-4-ல் அதன் அடிப்படை தப்பித்தது. கட்சி நியமித்தால் மட்டும் போதாது, ஆளைத் துருவிப் பார்த்து நியமிக்க வேண்டும் என்று இயக்கம் அன்று பாடம் கற்றது. அதன் பிறகு நீதிபதிப் பட்டியலே தேர்தல் வாக்குறுதியானது. 2016-ல் டிரம்ப் அந்தப் பட்டியலை வெளிப்படையாகவே வெளியிட்டார். கோர்சச், கவனாவ், பாரெட் என்று மூன்று பேரை நியமித்தார்.

2022 ஜூன் 24 அன்று 'டாப்ஸ்' வழக்கில் ரோ ரத்தானது. மிசிசிப்பியின் 15 வாரத் தடை செல்லும் என்றவர்கள் ஆறு பேர். ரோவை முழுசாகவே தூக்கி எறியலாம் என்றவர்கள் ஐந்து பேர்.

நடந்தது இதுதான். பேரணி பெரும்பான்மையின் மனதை மாற்றவில்லை. இந்த ஒரே விஷயத்துக்காக வாக்களிக்கும் ஒரு சிறுபான்மையை 49 ஆண்டுகள் கலையாமல் வைத்திருந்தது. அந்த வாக்குகளை இழக்கப் பயந்த கட்சி நீதிபதிகளைக் கொடுத்தது. நீதிபதிகள் தீர்ப்பைக் கொடுத்தார்கள்.

ஜெயித்த பிறகும் ஏன்?

ஏனென்றால் டாப்ஸ் தீர்ப்பு கருக்கலைப்பைத் தடை செய்யவில்லை. முடிவெடுக்கும் அதிகாரத்தை மாகாணங்களிடம் கொடுத்தது, அவ்வளவுதான். ஒரே ஒரு கோட்டையை முற்றுகையிட்டவர்களுக்கு இப்போது ஐம்பது கோட்டைகள். 2023-ல் நாடாளுமன்றக் கட்டடத்தை முன்னிறுத்தும்படி பேரணிப் பாதையையே மாற்றினார்கள். மாகாணத் தலைநகரங்களிலும் தனிப் பேரணிகள் நடக்கின்றன.

ஆனா மக்களிடம் நேரடியாகக் கேட்ட இடங்களில் பெரும்பாலும் தோல்விதான். டாப்ஸ் வந்து ஆறே வாரத்தில், பழமைவாத மாகாணமான கான்சஸில் கருக்கலைப்பு உரிமையை நீக்கும் யோசனையைச் சுமார் 59 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். 2024 நவம்பரில் பத்து மாகாணங்களில் வாக்கெடுப்பு நடந்தது. ஏழில் உரிமைத் தரப்பு வென்றது. ஃபுளோரிடாவில் 57 சதவீதம் பேர் ஆதரித்தும், 60 சதவீதம் தேவை என்ற விதியால் தோற்றது.

எண்ணிக்கையும் குறையவில்லை. 2023-ல் அமெரிக்காவில் பத்து லட்சத்துக்கும் அதிகமான கருக்கலைப்புகள் நடந்ததாக 'குட்மாக்கர்' ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. பத்தாண்டுகளில் இல்லாத அளவு. பாதிக்கும் மேல் மாத்திரை மூலம் நடந்தவை. மாத்திரை தபாலில் வரும், மாகாண எல்லை அதற்குத் தெரியாது. பேரணி மேடைகளில் இப்போது 'மிஃபெப்ரிஸ்டோன்' என்ற மாத்திரையின் பெயர் அடிக்கடி கேட்பது இதனால்தான். அந்த மாத்திரைக்கு எதிரான ஒரு வழக்கை 2024-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மனுதாரர்களுக்கு வழக்குத் தொடுக்கத் தகுதி இல்லை என்பதே காரணம். மாத்திரை சரியா தவறா என்று நீதிமன்றம் சொல்லவில்லை. ஆகவே அந்தச் சண்டை முடியவில்லை.

கூட்டணிக்குள்ளும் உரசல் உண்டு. 'மாகாணங்களே பார்த்துக்கொள்ளட்டும்' என்கிறார் டிரம்ப். நாடு முழுக்கத் தடை வேண்டும் என்கிறது இயக்கத்தின் ஒரு பகுதி.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு?

ஹெச்-1பி விசாவில் போகிறவர் சம்பளம், வாடகை, பள்ளி எல்லாம் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுப்பார். இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. டல்லாஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் எல்லாம் டெக்சாஸ். அங்கே ஏறக்குறைய முழுத் தடை. பாலியல் வன்கொடுமைக்குக்கூட விதிவிலக்கு கிடையாது. சட்டத்தை மீறும் மருத்துவருக்கு ஆயுள்வரை சிறை கிடைக்கலாம். அட்லாண்டா இருக்கும் ஜார்ஜியாவில் சுமார் 6 வாரம்தான் எல்லை. கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணுவதால், நாள் தள்ளிப்போனது தெரிந்த பிறகு மிஞ்சுவது இரண்டு வாரம் மாதிரிதான். கலிஃபோர்னியாவிலும் நியூ ஜெர்சியிலும் நிலைமை முற்றிலும் வேறு.

'நமக்கு எதுக்கு, நாங்க குழந்தை வேண்டும் என்றுதானே இருக்கோம்' என்று நினைக்கலாம். விரும்பிச் சுமக்கும் கர்ப்பத்திலும் கரு பாதியில் தங்காமல் போகலாம், பனிக்குடம் முன்பே உடையலாம். அப்போது தரும் சிகிச்சையும் கருக்கலைப்புச் சிகிச்சையும் பல நேரம் ஒன்றுதான். தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் விதிவிலக்கு உண்டு. எந்த நிமிடம் முதல் அது 'ஆபத்து' என்பதில் மருத்துவர்கள் தயங்குகிறார்கள். சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது, தயக்கம் தேவையில்லை என்கிறது பேரணித் தரப்பு. அந்தத் தயக்கத்துக்குப் பெண்கள் விலை கொடுக்கிறார்கள் என்கிறது எதிர்த் தரப்பு.

இந்தியாவில் இப்படி நடக்குமா?

பேரணி வந்துவிட்டது. நம் கருக்கலைப்புச் சட்டம் 1971 ஆகஸ்ட் 10 அன்று நிறைவேறியது. அதே தேதியில் 2022-ல் டெல்லியில் கிறிஸ்தவ அமைப்புகள் தேசிய அளவிலான 'மார்ச் ஃபார் லைஃப்' நடத்தின. 2024-ல் கேரளாவின் திருச்சூரில் நடந்தது.

ஆனா இங்கே தளமே வேறு. அமெரிக்காவில் ஒரு தீர்ப்பு உரிமையைக் கொடுத்தது, இன்னொரு தீர்ப்பு பறித்தது. இந்தியாவில் அது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். எந்தப் பெரிய கட்சியும் அதை ரத்து செய்யக் கேட்டு ஓட்டு கேட்பதில்லை. டாப்ஸ் வந்த மூன்றே மாதத்தில், 2022 செப்டம்பர் 29 அன்று, நம் உச்ச நீதிமன்றம் எதிர்த்திசையில் போனது. 20 முதல் 24 வாரம் வரையிலான அனுமதி திருமணமாகாத பெண்களுக்கும் பொருந்தும் என்றது.

அதற்காக இங்கே கேட்டவுடன் கிடைக்கும் உரிமை என்று நினைத்துவிட வேண்டாம். 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் ஒப்புதல் வேண்டும். 20 முதல் 24 வாரம் வரை, விதிகளில் சொன்ன பிரிவினருக்கு மட்டும், இரண்டு மருத்துவர்கள். அதற்கு மேல், கருவில் கடுமையான குறைபாடு இருந்தால் மருத்துவ வாரியம் முடிவு செய்யும். சட்டத்துக்கு வெளியே செய்தால் இன்றும் குற்றம். பெண் கரு என்று தெரிந்து கலைப்பதைத் தடுக்கும் 1994-ம் ஆண்டுச் சட்டம் தனி. இரண்டையும் குழப்பிக்கொண்டு 'கருக்கலைப்பே குற்றம்' என்று நம்புகிறவர்கள் நம் ஊரில் நிறைய பேர்.

ஐம்பது ஆண்டுகள் அசையாது என்று நம்பிய ஓர் உரிமை ஒரே காலையில் போனது அமெரிக்கப் பெண்களின் அனுபவம். ஐம்பது ஆண்டுகள் கிடைக்காது என்று சொல்லப்பட்டதைக் காத்திருந்து வாங்கியது பேரணிக்காரர்களின் அனுபவம். அடுத்த ஜனவரியில் அந்தப் படம் மறுபடி வரும். அப்போது தலைகளை எண்ணுவதைவிட, மேடையில் யார் நிற்கிறார்கள், எந்த மாகாணத்தின் பெயரைச் சொல்கிறார்கள், மாத்திரை பற்றி என்ன கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். அடுத்த வழக்கு எங்கிருந்து வரும் என்பது அதில் தெரியும்.