குடும்பப் புகைப்படங்களும் குலவழி ஆய்வும்: ஒரு படத்தின் முன்னும் பின்னும்

மலாயாவிற்குப் புலம்பெயர்ந்த தமிழர்தம் குலவழியை ஆராயப் புகுவோர்க்கு முதலில் எதிர்ப்படும் இடர் பெயரே ஆகும். தலைமுறைதோறும் மாறாது தொடரும் குடும்பப் பெயர் நம்மவரிடையே பெரும்பாலும் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்து மகனுக்குத் தலைப்பெழுத்தாகும். பேரனுக்கு அதுவும் மாறிவிடும். போதாக்குறைக்கு, தோட்டத்துக் கிராணியார் தம் செவியில் விழுந்தவாறு எழுதிய பெயரே செக்ரோலில் நிலைபெற்றது. ஆதலால், தகரப்பெட்டியின் அடியில் கிடக்கும் பழைய புகைப்படங்களை நாடுவது தவிர்க்க இயலாததாகின்றது.

எனினும் அத்தகைய படங்கள் எல்லாக் குடும்பங்களிலும் கிட்டுவதில்லை. தோட்டப் பாட்டாளிகளுள் பலருக்கு, 1948இல் அவசரகாலச் சட்டத்தின்கீழ் பன்னிரண்டு வயதும் அதற்கு மேலும் ஆனோர்க்கு அடையாள அட்டை வழங்கப்பட்டபோது எடுத்த படமே முதற்படம். இன்று பல இல்லங்களில் மாலையிட்டு மாட்டப்பட்டிருக்கும் முன்னோர் உருவம் அவ்வட்டைப் படத்தைப் பெரிதாக்கியதேயாம். நகரத்து நிழற்படக் கூடத்திற்குச் சென்று குடும்பத்தோடு படமெடுத்துக் கொள்வது கூலியுள் ஒரு பங்கை விழுங்கும் செயல். பெரும்பாலும் ஊரிலுள்ள உறவினர்க்கு அனுப்பும் பொருட்டே அச்செலவை மேற்கொண்டனர். எனவே, ஒரே படத்தின் இரு படிகள் கடலின் இரு கரைகளிலும் இருக்க வாய்ப்புண்டு என்பதை ஆய்வாளர் மறத்தலாகாது.

பேராக் மாநிலத் தோட்டமொன்றில் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் படத்தை இதற்குச் சான்றாக எடுத்துக்கொள்வோம். குடும்பத்தாரின் விருப்பப்படி பெயர்களைத் தவிர்க்கின்றோம். படிக்கட்டும் பூந்தொட்டியும் தீட்டிய திரையின் முன் ஒரு பெண் கைக்குழந்தையுடன் நாற்காலியில் அமர்ந்திருக்கின்றார். அருகே ஒரு சிறுவன். பின்னால் கோட்டணிந்த ஆடவர். படத்தின் பின்புறத்தில் பென்சிலால் 'மாமா, அத்தை, பிள்ளைகள்' என்றும் அதன்கீழ் '2603' என்றும் எழுதப்பட்டுள்ளது.

எழுதியவர் இக்குடும்பத் தலைவரின் தந்தையார் என்பது கையெழுத்தால் விளங்கிற்று. ஆகவே அவ்வாடவரைத் தந்தையாரின் தாய்மாமன் எனக் கொண்டு, தாய்வழிக் கிளையில் சேர்த்தோம். எண்ணை நிழற்படக் கூடத்தின் வரிசை எண் என்று எண்ணினோம். இரண்டும் பிழை.

தமிழில் உறவுச்சொல் ஒருவரைத் தனித்துச் சுட்டுவதில்லை. சொல்பவருக்கும் சுட்டப்படுபவருக்கும் இடையிலுள்ள உறவைச் சுட்டுகின்றது. தாயின் உடன்பிறந்தானும் மாமாவே. தந்தையின் உடன்பிறந்தாளை மணந்தவரும் மாமாவே. அத்தையும் அவ்வாறே இருபொருள் தருவது. முறைப்பெண்ணை மணக்கும் வழக்கமுள்ள குடும்பங்களில் ஒருவரே இரு வழியிலும் மாமாவாதல் உண்டு. இக்குழப்பத்தைத் தீர்த்தது தஞ்சை வட்டாரச் சிற்றூரில், அத்தந்தையாரின் பெரியப்பா வழியினர் பாதுகாத்த மற்றொரு படியாகும். அதன் பின்புறத்தில் மையால் 'தங்கச்சி, மச்சான், பிள்ளைகள்' என்றிருந்தது. இரு குறிப்புகளையும் ஒருங்கே நிறுத்தினால் குருதிவழி உறவு அப்பெண்ணே என்பது தெளிவு. ஆடவரைச் சுற்றியே நாம் வரைந்த கிளையில் அவருக்குப் பெயர்கூட இல்லாதிருந்தது. ஆண்வழியை மட்டுமே பின்பற்றும் குலவழிப் படங்களுக்கு இது புதிதன்று.

எண்ணின் பொருள் பின்னரே புலப்பட்டது. ஜப்பானியர் ஆட்சியில் மலாயாவில் அவர்தம் அரச ஆண்டுக் கணக்கு வழக்கிலிருந்தது; அதன்படி 2602 என்பது 1942. ஆகவே இப்படம் 1943ஐச் சேர்ந்தது. போர்க்காலத்தில் மலாயாவிற்கும் இந்தியாவிற்கும் இடையே அஞ்சல் அற்றுப்போயிருந்தமையால், ஊர்ப்படி போர் முடிந்த பின்னரே சென்றிருத்தல் வேண்டும்.

அவ்வாண்டு தோட்டத்தமிழர்க்கு எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. சயாம்–பர்மா இரயில் பாதைக்கென மலாயாத் தோட்டங்களிலிருந்து பெருந்தொகையினர் கொண்டுசெல்லப்பட்டனர், மீளாதவர் பல்லாயிரவர். இப்படத்து ஆடவரும் திரும்பவில்லை. கல்லறையோ இறப்புப் பத்திரமோ இல்லை. ஆதலின், அவர் 1943இல் குடும்பத்துடன் இருந்தார் என்பதற்கு இப்படமே சான்றென நாம் குறித்துக்கொண்டோம், குடும்பத்தாரும் மகிழ்ந்தனர்.

அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியின்கீழ் வைத்துப் பார்த்தபோது, பெண்ணின் முகத்திலும் பிள்ளைகள் முகத்திலும் ஒளி இடப்புறமிருந்து விழுவதையும், ஆடவர் முகத்தில் மட்டும் வலப்புறமிருந்து விழுவதையும் கண்டோம். கோட்டின் ஓரத்தில் தூரிகை தொட்ட தடம் இருந்தது. உடனில்லாதவரின் பழைய படத்தை வெட்டி இணைத்துக் குடும்பப் படமாக்கித் தருவது அக்கால நிழற்படக்காரர் அறிந்த தொழிலே. குடும்பத்து மூதாட்டியாரிடம் இதனை வினவியபோது, நாற்காலியிலிருக்கும் கைக்குழந்தை தகப்பன் லாரி ஏறிய நாளில் வயிற்றில் இருந்தது என்றார். அதுவரை எவரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை.

எனவே இப்படம் அவர் இருந்தமைக்குச் சான்றன்று. இல்லாதபோது மனைவி அவரைத் தம்மருகே நிறுத்திக்கொண்டமைக்குச் சான்று. குலவழிப் படத்தைத் திருத்தி வரைந்து, அப்பெண்ணின் பெயரைத் தந்தைவழிக் கிளையில் சேர்த்துக் கணவரின் பெயரை அருகில் எழுதினோம். அவர் இறந்த ஆண்டிற்குரிய இடத்தை வெறுமையாக விட்டுள்ளோம்.