ரொபோ, கொர்வே, வெட்டி

பிரான்சிலிருந்து லீவுக்கு வரும் நம் புதுச்சேரிப் பிள்ளைகள், "அங்க வீட்டுல ரொபோ இருக்கு, மாவு பிசையறது, காய் நறுக்கறது எல்லாம் அதுதான்" என்பார்கள். இங்குள்ள தாத்தா பாட்டிகள் ரஜினி படத்து எந்திர மனிதனை நினைத்துக்கொள்கிறார்கள். பயப்பட வேண்டாம். நம் மிக்ஸிக்குச் சொந்தக்காரப் பொருள்தான். நறுக்கவும் அரைக்கவும் பிசையவும் கூடிய இயந்திரத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் சர்வசாதாரணமாக 'ரொபோ' என்பார்கள்.

சொல் பிரெஞ்சு அல்ல, செக் மொழி. 1920இல் காரெல் சாப்பெக் என்ற எழுத்தாளர் ஒரு நாடகம் எழுதினார். அதில் வரும் செயற்கைத் தொழிலாளர்களுக்குப் பெயர் வேண்டும். லத்தீனிலிருந்து 'லாபோரி' என்று யோசித்தார், பிடிக்கவில்லை. ஓவியரான அண்ணன் யோசெப்பிடம் கேட்க, அவர் தூரிகையை வாயில் கவ்விக்கொண்டே 'ரோபோட்டி' என்று வை என்றாராம். 'ரோபோட்டா' என்றால், குடியானவன் பிரபுவுக்குக் கூலியில்லாமல் செய்து தரவேண்டிய வேலை. ஆஸ்திரியப் பேரரசில் அந்தக் கொடுமை 1848இல்தான் சட்டப்படி ஒழிந்தது.

பிரான்சில் அதே கொடுமைக்குப் பெயர் 'கொர்வே'. ராஜபாட்டை போடுவதற்குக்கூடக் குடியானவனைக் கூலியில்லாமல் இழுத்துப்போனார்கள். எங்கள் காலத்தில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இந்தச் சொல் மறந்திருக்காது. புரட்சியோடு கொர்வே போயிற்று. சொல் மட்டும் அடுக்களைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பாத்திரம் தேய்ப்பது, உருளைக்கிழங்கு தோல் சீவுவது, இதெல்லாம் இன்றைக்கு அங்கே கொர்வே! அதைச் செய்ய ரொபோ. இரண்டும் ஒரே பொருள் என்பது வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நமக்கும் ஒரு சொல் உண்டு. சோழர் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்றால் கூலியில்லாத கட்டாய உழைப்பு. கூலி இல்லாத வேலை என்பது, காலப்போக்கில் பிரயோஜனம் இல்லாத வேலை என்றாகிவிட்டது. வெட்டிப்பேச்சு, வெட்டிப்பயல் எல்லாம் அப்படி வந்தவைதான். இதில்தான் எனக்கு வருத்தம். மிக்ஸி வருவதற்கு முன் ஆட்டுக்கல், அம்மி, உரல் மூன்றோடும் மல்லுக்கட்டியவர்கள் நம் அம்மாக்கள். இட்லிக்கு அரிசியும் உளுந்தும் ஆட்டி எடுப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். அவர்களைப் பற்றி யாராவது விசாரித்தால், "வீட்டுல சும்மாதான் இருக்கா" என்பதுதான் பதில்.

பழைய எத்தா-சிவில் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆண்கள் பெயருக்கு எதிரே உழவர், நெசவாளி, வியாபாரி என்று இருக்கும். பெண்கள் பெயருக்கு எதிரே அழகான கையெழுத்தில் 'சான் புரொஃபெசியோன்', அதாவது தொழில் இல்லை.