கொம்புமுறிக் கதை

மட்டக்களப்பு வாவிக் கரை ஊர்களில் கண்ணகை அம்மன் விழாவையொட்டிச் சொல்லப்படும் சிறிய காதல் கதை இது. கோவலனும் கண்ணகியும் ஆடிய ஒரு விளையாட்டைக் கூறும் இக்கதையே கொம்புமுறி என்ற ஊர்ப் பந்தயத்தின் பிறப்புக் கதையுமாகும்.

கணவனும் மனைவியும் பூக்கொய்யப் போகிறார்கள். கைக்கெட்டாத பூவுக்காக ஆளுக்கொரு கொக்கத்தடியை நீட்ட, இரண்டும் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்கின்றன. அவன் ஒரு பக்கம் இழுக்க, அவள் மறுபக்கம் இழுக்க, முறிந்தது கோவலனின் தடி. கண்ணகி வெற்றிக் களிப்பில் சிரிக்கிறாள். கதை அவ்வளவுதான்.

இந்தச் சிரிப்பின் அருமை சிலப்பதிகாரத்தை அருகில் வைத்தால் விளங்கும். புகாரின் இந்திரவிழாவில் கண்ணகிக்குப் பங்கில்லை. விழா முடிவில் கடலாடப் போகிறவர்கள் கோவலனும் மாதவியும். கானல்வரிப் பாட்டில் மனம் முறிந்து பிரிகிறவர்களும் அவர்களே. கண்ணகி வீட்டில் கலங்கியிருக்கிறாள். காப்பியம் அவளுக்குத் தராத விழாநாளை மட்டக்களப்பு தந்திருக்கிறது.

மதுரையை எரித்த அம்மனின் சினம் தணிக்கும் திருக்குளிர்த்தி வைகாசியில் நடக்கும். கொம்புமுறியும் அந்த வழிபாட்டைச் சேர்ந்ததே. வடசேரி கோவலன் கட்சி, தென்சேரி கண்ணகி கட்சி. வளைந்த வைரமான இரு மரக்கொம்புகளைக் கோத்து, வடம் கட்டி இழுப்பார்கள். எது முறிகிறதோ அந்தச் சேரி தோற்றது. தேங்காயைத் தேங்காயால் அடித்து உடைக்கும் போர்த்தேங்காய்ப் போட்டியிலும் இதே இரு கட்சிகள்தான். சேரி பிறப்பிலேயே அமைந்துவிடுவதால் ஒரே வீட்டில் கணவனும் மனைவியும் எதிரெதிர்க் கட்சியில் நிற்கவும் நேரும். கதை குடும்பத்துக்குள்ளேயே மறுபடி நடக்கிறது.

வாய்மொழியாக வந்த இம்மரபுகளை நூலில் ஏற்றியவர்களில் முதன்மையானவர் வித்துவான் வி.சீ. கந்தையா. அவரது ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964இல் வெளிவந்தது. இங்குள்ள கோயில்களில் படிக்கப்படும் ‘கண்ணகி வழக்குரை’யையும் அவர் பதிப்பித்தார்.

பிரிந்த தம்பதியர் கதையை விழாவோடு கோத்துச் சொல்வது கண்ணகையோடு நின்றுவிடவில்லை. வாவிக் கரையிலுள்ள அமிர்தகழியில் மாமாங்கேஸ்வரர் கோயிலின் தலக்கதை, சீதையை மீட்க வந்த இராமனையும் அனுமனையும் பற்றியது. அங்குள்ள திருவிழா ஆடி அமாவாசைத் தீர்த்தத்தோடு நிறைவுறும். அன்று மாமாங்கக் குளத்தில் மக்கள் திரண்டு நீராடுவார்கள்.

கொம்புமுறிக் கதை மொழியெல்லையையும் கடந்தது. சிங்களவரிடம் இதே பந்தயம் அங்கெலிய எனப்படும். கணநாத் ஒபயசேகர 1984இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெருநூலில் அதை விரிவாக ஆராய்ந்துள்ளார். அங்கே கோவலன் பாலங்க, கண்ணகி பத்தினி. அவன் அணி உடுபில, அவள் அணி யட்டிபில. அங்கும் பூப்பறிக்கப் போன இடத்தில்தான் கொக்கிகள் மாட்டிக்கொள்கின்றன.