டெத் குழுவின் ஏழு அல்பங்கள்: எங்கள் வரிசையும் அதன் வரலாறும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. பிளேன்டி ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

போன தவணையில் ஆசிரியர் ஓய்வறையில் ஒரு கொப்பி கைமாறிக்கொண்டிருந்தது. தரம் 11 மாணவன் ஒருவனின் கணிதக் கொப்பி. அட்டையில் நீலப் பேனையால் ஆங்கிலத்தில் 'டெத்' என்று பெரிதாக வரைந்திருந்தான். எழுத்தின் ஓரத்தில் சிலந்தி வலை, அரிவாள். "மரணம் என்று எழுதி வைத்திருக்கிறான், போதை ஏதும் பழகிவிட்டானோ, உயிரை மாய்க்க நினைக்கிறானோ, பெற்றோரைக் கூப்பிடுவோம்" என்று ஆளுக்கொரு பேச்சு. அட்டையைப் பார்த்த நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். சிரித்ததற்கு விளக்கம் சொல்லத்தான் இந்தப் பதிவு.

நாங்கள் என்றால் இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் மூதூர், ஒருவர் ஈச்சிலம்பற்று. 2003இல், சமாதான ஒப்பந்தம் வந்து பாதைகள் திறந்திருந்த நேரத்தில், கனடாவிலிருந்து வந்த மாமா ஒருவர் ஒரு பை நிறையக் கெசட் கொண்டுவந்தார். மின்சாரம் இல்லாத வீட்டில் கார் பெற்றரியில் டேப்பை ஓடவிட்டோம். அதுவரை மூதூர் வீட்டில் நாகூர் ஹனீபா, ஈச்சிலம்பற்று வீட்டில் சினிமாப் பாட்டு. அன்றைக்குக் கேட்டது ஒரு மனிதன் தொண்டையால் உறுமுகிற சத்தம். பயந்துதான் போனோம். ஆனால் நிறுத்தவில்லை.

அந்த மனிதனின் பெயர் சக் ஷுல்டினர். நாங்கள் முதன்முதலாகக் கேட்டபோது அவர் இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அது எங்களுக்கு அப்போது தெரியாது.

அவர் 1967 மே 13இல் நியூயோர்க் மாநிலத்தில் பிறந்தவர், வளர்ந்தது புளோரிடாவில். தாயும் தகப்பனும் ஆசிரியர்கள். அவருக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது மூத்த சகோதரர் வாகன விபத்தில் இறந்துபோனார். பிள்ளை துயரத்தில் முடங்கிவிடக்கூடாது என்று பெற்றோர் கிட்டார் வாங்கிக் கொடுத்தார்கள். 1983இல் இரண்டு நண்பர்களோடு 'மான்டாஸ்' என்ற குழுவைத் தொடங்கினார். 1984இல் அதன் பெயர் 'டெத்' ஆனது. பதினேழு வயதுப் பையன் வைத்த பெயர்.

டெத் மெட்டல் என்ற இசைவகைக்கு வழிகாட்டிய முதல் சில குழுக்களில் இது ஒன்று. பிறகு அதை 'டெக்னிகல்' ஆக்கியதிலும் இதற்குப் பெரிய பங்கு உண்டு. டெக்னிகல் என்றால் என்ன? எங்கள் பக்கத்துப் பொல்லடியை நினைத்துக்கொள்ளுங்கள். அண்ணாவியார் தாளத்தைக் கூட்டும்போது ஒரு பொல் பிந்தினால் விரலில் அடி விழும். அந்தத் தாளம் ஒரே பாட்டுக்குள் பத்துத் தடவை மாறினால் எப்படி இருக்கும்? அதுதான். கத்துவது எவருக்கும் முடியும், இப்படி எண்ணி வாசிப்பது எல்லோருக்கும் முடியாது.

இனி எங்கள் வரிசை. கடைசியிலிருந்து வருவோம்.

7. ஸ்க்ரீம் பிளடி கோர் (1987). முதல் அல்பம். கிட்டார், பேஸ், குரல் மூன்றும் சக்தான். டிரம்ஸ் கிறிஸ் ரைபெர்ட். பாட்டெல்லாம் பேய்ப்படம், இரத்தம், பிணம். வரலாற்றில் இதன் இடம் பெரியது, இதைக் கேட்டு எத்தனையோ குழுக்கள் தொடங்கின. ஆனாலும் எங்களுக்குக் கடைசி இடம்தான். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்தக் கெசட்டை எங்களால் போட முடியவில்லை. கடற்கரையில் கண்டதைக் கண்டவர்களுக்குப் படத்துப் பிணம் விளையாட்டாகத் தெரிவதில்லை. அந்தப் பையன் அமெரிக்காவில் பாதுகாப்பான ஒரு வீட்டிலிருந்து எழுதிய பாட்டு அது. குறை சொல்லவில்லை, எங்கள் மனம் ஏற்கவில்லை.

6. ஸ்பிரிச்சுவல் ஹீலிங் (1990). பேய்ப்படத்தை விட்டுவிட்டு சக் ஊரைப் பார்க்கத் தொடங்கிய இடம். மதத்தின் பெயரால் நோய் தீர்ப்பதாக ஏமாற்றுகிறவர்கள், போதைக்கு அடிமையான தாய் பெறும் பிள்ளை என்று பத்திரிகையில் வரும் விசயங்கள் பாட்டாகின. தண்ணீர் ஓதித் தருகிறேன் என்று ஏழையிடம் ஆயிரக்கணக்கில் பறிப்பவர்களை எங்கள் பக்கமும் கண்டிருக்கிறோம், ஆகவே தலைப்புப் பாட்டு உடனே விளங்கியது. ஜேம்ஸ் மர்பியின் கிட்டார் நன்றாக இருக்கும். ஆனால் பாட்டுகள் இழுபடுகின்றன. பழையதிலும் ஒரு கால், புதியதிலும் ஒரு கால்.

5. இன்டிவிஜுவல் தோட் பட்டர்ன்ஸ் (1993). வாசித்த ஆட்களைப் பாருங்கள்: டிரம்ஸில் ஜீன் ஹோக்லன், கிட்டாரில் கிங் டயமண்ட் குழுவின் அன்டி லரொக், பேஸில் ஸ்டீவ் டிஜோர்ஜியோ. டிஜோர்ஜியோ வாசித்தது கட்டையில்லாத பேஸ், வயலின் மாதிரிச் சறுக்கி ஓடும். வாசிப்புத் திறமைக்கு மட்டும் புள்ளி போட்டால் இதுதான் முதலாவது. ஆனால் கணிதப் பாடம் எடுக்கும் எங்களில் ஒருவரே, "விடை சரி, ஆனால் மனதில் ஒட்டவில்லை" என்கிறார். 'த பிலோசபர்' மட்டும் விதிவிலக்கு.

4. லெப்ரோசி (1988). தொழுநோய் என்பது பெயர். ஊரிலிருந்து ஒதுக்கப்பட்டு அழுகிச் சாகும் மனிதர்களைப் பற்றிய தலைப்புப் பாட்டு. மட்டக்களப்பு வாவிக்குள் மாந்தீவு இருக்கிறது. தொழுநோயாளரை அங்கேதான் கொண்டுபோய் வைத்தார்கள் என்று எங்கள் மூத்தவர்கள் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். அந்தக் கதையோடு வளர்ந்த எங்களுக்கு இது வெறும் பயங்கரக் கதை இல்லை. 'புல் த பிளக்' என்ற பாட்டு, இயந்திரத்தால் உயிர் பிடித்து வைக்கப்பட்டிருக்கும் நோயாளியின் குரல். இளம் வயதில் எழுதியது. இந்த அல்பத்தை இரண்டாம் இடத்தில் வைக்கவேண்டும் என்று ஈச்சிலம்பற்றுக்காரர் இன்றைக்கும் சண்டை பிடிக்கிறார்.

3. த சவுண்ட் ஒப் பெர்சிவரன்ஸ் (1998). விடாமுயற்சியின் ஓசை. டெத்தின் கடைசி அல்பம். ரிச்சர்ட் கிறிஸ்டியின் டிரம்ஸைக் கேட்டுவிட்டுத் தாளத்தை எண்ணிப் பார்க்க முயன்று தோற்றோம். 'வொய்ஸ் ஒப் த சோல்' என்ற ஒன்றில் உறுமலும் இல்லை, டிரம்ஸும் இல்லை, இரண்டு விதக் கிட்டார் மட்டும். இந்த இசைக்குப் பயப்படுகிறவர்கள் அதிலிருந்து தொடங்கலாம். நீளம் கூடியதால் மூன்றாம் இடம்.

2. ஹியூமன் (1991). இதன் பின்னால் ஒரு தகராறு உண்டு. 1990இல் ஐரோப்பியப் பயணத்துக்கு முன் சக் விலகிக்கொண்டார். மற்றவர்கள் அவர் இல்லாமலே டெத் என்ற பெயரில் போய் வாசித்துவிட்டு வந்தார்கள். அதன் பிறகு அவர் நிரந்தரக் குழு வைப்பதையே விட்டுவிட்டார். ஒவ்வோர் அல்பத்துக்கும் தகுந்த ஆட்களைச் சேர்த்தார். இதற்கு வந்தவர்கள் சினிக் குழுவின் போல் மஸ்விடல், ஷோன் ரைனெர்ட், அவர்களோடு டிஜோர்ஜியோ. டெக்னிகல் டெத் மெட்டலின் வரலாற்றை எழுதும் எவரும் இந்த அல்பத்தைத் தாண்டிப் போக முடியாது. சுமார் முப்பத்து நான்கு நிமிடம், வீண் நிமிடம் ஒன்றும் இல்லை. பாடல்களில் பிணம் போய்விட்டது, துரோகமும் மனமும் வந்துவிட்டன.

இந்தப் பாதையில் அவர் தனியாகவும் நடக்கவில்லை. அதே புளோரிடாவில் எதீஸ்ட் குழு இருந்தது, சினிக் 1993இல் 'போகஸ்' கொண்டுவந்தது. தம்பா நகரின் மொரிசவுண்ட் ஒலிப்பதிவுக் கூடம் இவர்களின் சந்தி மாதிரி. பிறகு ஜெர்மனியில், துருக்கிக் குடும்பத்தில் வந்த முஹம்மத் சுயிச்மேஸ் 'நெக்ரோபேஜிஸ்ட்' என்ற குழுவோடு 1999இலும் 2004இலும் இரண்டே அல்பங்கள் தந்து எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தார். இது வெள்ளைக்காரப் பையன்களின் விளையாட்டு மட்டும் என்று நினைத்திருந்த எங்களுக்கு அந்தப் பெயரைக் கண்டது சின்னச் சந்தோசம். கொழும்பிலும் 'ஸ்டிக்மாட்டா' குழு 1990களின் இறுதியிலிருந்து மெட்டல் வாசிக்கிறது.

1. சிம்பொலிக் (1995). எங்கள் இருவருக்கும் சண்டையில்லாத இடம் இதுதான். ஒன்பது பாட்டு, ஐம்பது நிமிடம். கஷ்டமான தாளத்தையும் மனதில் நிற்கும் மெட்டையும் ஒன்றாகக் கொண்டுவந்தது. தலைப்புப் பாட்டு தொலைந்துபோன சிறுபிராயத்தைப் பற்றியது. 'தவுசண்ட் ஐஸ்' எந்நேரமும் கண்காணிக்கப்படும் வாழ்க்கையைப் பற்றியது. சோதனைச்சாவடியில் பையைத் திறந்து காட்டிக் காட்டிப் பள்ளிக்குப் போன எங்களுக்கு அதை யாரும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு, அதை மறைக்கவில்லை. 2006 ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் கந்தளாய்க்கு இடம்பெயர்ந்தார்கள். ஈச்சிலம்பற்று மக்கள் வெருகல் கடந்து வாகரைக்கும், பிறகு மட்டக்களப்புக்கும் போனார்கள். எங்களில் ஒருவர் அந்தப் பக்கம், ஒருவர் இந்தப் பக்கம். அந்த நேரத்தில் ஊர்களுக்கிடையில் பேசப்பட்டது எல்லாம் உங்களுக்குத் தெரியும், எழுதத் தேவையில்லை. மீண்டும் சந்தித்தபோது என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஒருவர் பையிலிருந்து எடுத்தது சிம்பொலிக் கெசட். மற்றவை எல்லாம் போய்விட்டன, அது மட்டும் மிச்சம். அதைப் போட்டுக் கேட்டோம், பேச்சு தானாக வந்தது. ஆகவே எங்கள் வரிசையில் நியாயம் மட்டும் இல்லை, பாசமும் இருக்கிறது.

சக்கின் முடிவையும் சொல்லவேண்டும். 1999 மே 13, அவருடைய 32ஆவது பிறந்தநாளன்று, மூளைத்தண்டில் கட்டி இருப்பதாக வைத்தியர்கள் சொன்னார்கள். சிகிச்சைச் செலவு குடும்பத்தை நெருக்கியது. மற்றக் குழுக்கள் நிகழ்ச்சி நடத்திக் காசு சேர்த்தன. 2001 டிசம்பர் 13இல், 34 வயதில் மறைந்தார். குழுவின் சின்னத்தில் ஆரம்பத்தில் தலைகீழ்ச் சிலுவை ஒன்று இருந்தது. எந்த மதத்தோடும் இதைச் சேர்த்துப் பார்க்கக்கூடாது என்று பின்னர் அவரே அதை எடுத்துவிட்டார். சாத்தானை வணங்கும் இசை என்று பேசுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறோம். இசை கேட்பதே கூடாது என்று நினைக்கும் உறவுகளின் கருத்தை மதிக்கிறோம், அதில் வாதாட வரவில்லை.

இனி அந்த மாணவன். கூப்பிட்டு, "ஏன் மகன் இதை வரைந்தாய்?" என்று கேட்டோம். "எழுத்து வடிவு, சேர்" என்றான். போதையும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் பேசிக்கொண்டு போகையில் வேறொன்று வெளியே வந்தது. சாதாரண தரப் பரீட்சை எழுதாமல் நின்றுவிட்டு, கராஜ் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, கிட்டார் வாங்கும் திட்டத்தில் இருந்தான். ஓய்வறையில் பயப்பட்ட விசயம் வேறு, பயப்படவேண்டிய விசயம் வேறு.

அவனுக்கு நாங்கள் ஒன்றுதான் சொன்னோம். நீ வரைந்த பெயருக்குச் சொந்தக்காரர் கெட்டிக்கார மாணவன், பள்ளிக்கூடம் சலித்துப்போய் இடையில் விட்டவர், பிறகு அதற்காக வருந்தியவர். அவன் நம்பவில்லை. தொலைபேசியில் தேடி வாசித்துப் பார்த்தான். அடுத்த நாள் வகுப்புக்கு வந்தான். இன்றுவரை வந்துகொண்டிருக்கிறான். பரீட்சை எழுதுவானா என்று எங்களுக்கு இன்னும் தெரியாது. துஆச் செய்யுங்கள்.

ஆசிரிய நண்பர்களே, கொப்பி அட்டையில் பயங்கரமான பெயர் ஒன்றைக் கண்டால் பெற்றோரைக் கூப்பிட முதல் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

வரிசையில் பிழை கண்டவர்கள் கீழே எழுதுங்கள். முதல் ஆளாக அவனே எழுதிவிட்டான்: "ஹியூமன்தான் முதலாவது, சேர்."