காஷிமாவோ

பெயரைப் பாருங்கள். காஷிமாவோ. யொருபா மொழியில் 'பொறுத்திருந்து பார்ப்போம்' என்று அர்த்தம். நைஜீரியாவின் அபியோகுட்டாவில் 1937-ல் பிறந்த அந்தக் குழந்தை அப்பாவுக்கு இருபத்து மூன்றாவது. முந்தைய இருபத்திரண்டும் தங்கவில்லை. இதாவது பிழைக்குமா பார்ப்போம் என்றுதான் அந்தப் பெயர்.

பிழைத்தது. ஒன்பது வயதில் விறகு விற்றது. பிறகு கிளாஸ்கோவில் கணக்கியல் படித்து, மோஷூத் அபியோலா என்ற கோடீஸ்வரரானது.

எப்படிக் கோடீஸ்வரர்? ஐ.டி.டி. என்ற அமெரிக்க டெலிபோன் கம்பெனிக்கு ராணுவம் பெரிய பாக்கி வைத்திருந்தது. அதை வசூலிக்கப் போன அபியோலா, பணத்தோடு ஜெனரல்களின் சிநேகிதத்தையும் வசூலித்துக்கொண்டு வந்தார் என்பார்கள். காண்டிராக்டுகள், 'கான்கார்ட்' பத்திரிகை எல்லாம் அடுத்தடுத்து வந்தன. பாடகர் ஃபேலா குட்டி இவரைத் திருடன் என்று பாட்டே போட்டார். உத்தமர் கதை என்று எதிர்பார்த்திருந்தால் மன்னிக்கவும்.

1993, ஜூன் 12. ராணுவ ஆட்சியாளர் பாபங்கிடா ஒருவழியாக அதிபர் தேர்தல் நடத்தினார். இரண்டே கட்சிகள். இரண்டையும் உருவாக்கியதே அரசாங்கம்தான். வடக்கு, தெற்கு, இஸ்லாம், கிறிஸ்தவம் என்று எல்லாவற்றுக்கும் அடித்துக்கொள்ளும் தேசம் அது. அபியோலா முஸ்லிம். துணை அதிபர் வேட்பாளரும் முஸ்லிம். இருந்தும் தெற்கில் கிறிஸ்தவர்கள் குத்தினார்கள் ஓட்டு. எதிர்த்து நின்ற பஷீர் தோஃபாவின் சொந்த மாநிலமான கானோவே அபியோலா பக்கம் சாய்ந்தது. ஏறக்குறைய 58 சதவீதம்!

முடிவு அறிவிக்கப்படவே இல்லை. ஜூன் 23-ல் தேர்தல் செல்லாது என்றார்கள். செய்தவர் வேறு யாருமல்ல, பழைய சிநேகிதர் பாபங்கிடாதான். அவர் விலக, சில மாதங்களில் சானி அபாச்சா என்ற இன்னொரு ஜெனரல் நாற்காலியைப் பிடித்தார்.

ஒரு வியாபாரி இந்த இடத்தில் என்ன செய்வார்? நஷ்டத்தை எழுதிவிட்டு அடுத்த காண்டிராக்டைப் பார்ப்பார். அபியோலா அதைச் செய்யவில்லை. 1994 ஜூன் 11-ல் லாகோஸில் 'நானே அதிபர்' என்று அறிவித்தார். கைது. தேசத்துரோக வழக்கு. உரிமையைக் கைவிட்டால் விடுதலை என்றார்கள். மாட்டேன் என்றார். நாலு வருடம் தனிமைச் சிறை. வெளியே அவருக்காகப் போராடிய மனைவி குதிராத், 1996 ஜூன் 4-ல் நடுத்தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1998 ஜூன் 8-ல் அபாச்சா திடீரென்று செத்துப்போனார். அதன்பின் ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அனான் அபியோலாவைப் பார்க்க வந்தார். கைதிக்கு வந்தவர் யாரென்றே தெரியவில்லை. 'அந்த எகிப்துக்காரர் என்ன ஆனார்?' என்று கேட்டார். பூத்ரோஸ் காலி பதவியிறங்கி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது! வெளியே வந்ததும் நாற்காலி கிடைக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை என்றார் அனான். ஆதரவாளர்கள் நம்பவில்லை.

ஜூலை 7. விடுதலை நெருங்கிவிட்ட நேரம். அமெரிக்கத் தூதுக்குழுவோடு பேசிக்கொண்டிருந்தார். டீ வந்தது. சற்று நேரத்தில் உடம்பு முடியாமல் சரிந்தார். அன்றே மரணம். இதய நோய் என்றது வெளிநாட்டு டாக்டர்களின் பிரேதப் பரிசோதனை. அந்த டீயை நைஜீரியர்கள் இன்னும் மறக்கவில்லை.

2018-ல் ஜூன் 12-ஐ ஜனநாயக தினமாக்கி, அதிபர்களுக்கான உயரிய விருதையும் அவருக்குக் கொடுத்தார்கள். 2025 பிப்ரவரியில் பாபங்கிடா தன் சுயசரிதையை வெளியிட்டார். ஜெயித்தது அபியோலாதான் என்று அதில் ஒப்புக்கொண்டார். விழாவில், அவர் பெயரில் அமையவிருக்கும் நூலகத்துக்குக் கோடிக்கணக்கான நைரா நன்கொடை குவிந்தது.